வாடிக்கையாளருக்கு விடைகொடுத்தல்

வங்கிக் கிளைகளிலும் பழைய ஜவுளிக்கடைகளின் கல்லாவுக்கு மேலேயும் சட்டம் போட்டு மாட்டிய வாசகம் ஒன்றைப் பலரும் பார்த்திருப்பார்கள். நம் இடத்துக்கு வருகிறவர்களில் வாடிக்கையாளர்தான் முக்கியமானவர், அவர் நம்மை நம்பி இல்லை, நாம்தான் அவரை நம்பி இருக்கிறோம் என்று போகும். கீழே காந்தியின் பெயர் இருக்கும். தென்னாப்பிரிக்காவில் 1890-இல் பேசியது என்ற குறிப்பும் சில பலகைகளில் உண்டு. 1890-இல் காந்தி லண்டனில் சட்டம் படித்துக்கொண்டிருந்தார். டர்பனில் அவர் கப்பலை விட்டு இறங்கியது 1893 மே மாதம்.

எழுதியது யாராக இருந்தாலும், அது சம்பளத்துக்கு வேலை பார்ப்பவருக்காக எழுதப்பட்டது. கவுன்டரில் இருப்பவர் ஒருவரிடம் அரை மணிநேரம் கூடுதலாகப் பொறுமை காட்டினால் அந்த அரை மணிநேரத்துக்கும் சம்பளம் உண்டு. சொந்தமாகத் தொழில் செய்பவருக்கு அது கிடையாது. வடிவமைப்பாளர், மொழிபெயர்ப்பாளர், வரி ஆலோசகர், வீட்டுக்கு பிளான் போடும் பொறியாளர், திருமணப் படம் எடுப்பவர் ஆகிய எல்லோருக்கும் பொறுமையின் செலவு சொந்தக் கையிலிருந்தே போகிறது. மத்திய அரசின் தொழிலாளர் கணக்கெடுப்பு 2023-24-இல் வேலை செய்வோரில் 58.4 சதவீதம் பேரைச் சுயதொழில் செய்பவர்கள் என்று வகைப்படுத்தியது. அவர்களில் பெரும்பாலோர் விவசாயிகளும் சிறுகடைக்காரர்களும். நான் பேச வருவது அதற்குள் இருக்கும் சிறிய கூட்டத்தைப் பற்றி: திறமையை விற்று, ஒவ்வொரு வேலைக்கும் தனியாக பில் போட்டு வாழ்கிறவர்கள். கடைக்காரருக்கு வாடிக்கையாளர் வந்து போகிறவர். இவர்களுக்கோ அவர் மாதக்கணக்கில் கூடவே இருப்பவர். ஒத்துவராதபோது அவரை எப்படி அனுப்புவது என்பதற்கு இவர்களிடம் எழுதிவைத்த முறை எதுவும் இல்லை.

முதலில் கணக்கு. ஹார்வர்டு பேராசிரியர் ராபர்ட் கேப்ளன் 1980-களின் இறுதியில் சுவீடனின் கந்தால் என்ற நிறுவனத்தை ஆராய்ந்தார். சூடேற்றும் மின்கம்பிகள் செய்யும் நிறுவனம் அது. ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் உண்மையில் எவ்வளவு செலவாகிறது என்று பிரித்துப் பார்த்தபோது, 20 சதவீதம் பேரிடமிருந்து மொத்த லாபத்தின் 225 சதவீதம் வந்திருந்தது. 70 சதவீதம் பேரால் லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. மீதி 10 சதவீதம் பேர் லாபத்தின் 125 சதவீதத்தைத் தின்றிருந்தார்கள். மிக மோசமான நட்டக்கணக்கில் இருந்த இருவர், விற்பனைத் தொகையில் முதல் மூன்று இடங்களுக்குள் இருந்தவர்கள். நிறுவனத்தில் எல்லோரும் தலைமேல் தூக்கிவைத்திருந்த பெரிய பார்ட்டிகள் அவர்கள்.

தனி ஆளின் கணக்கும் இப்படித்தான் மறைந்து கிடக்கும். ஒரு நிறுவனத்துக்கு விலைப்பட்டியல் புத்தகம் வடிவமைக்க ரூ.30,000 பேசியதாக வைத்துக்கொள்வோம். 40 மணிநேர வேலை என்று கணித்தால் மணிக்கு ரூ.750. முதல் புரூஃப் போனதும் இரவு பதினொரு மணிக்கு வாட்ஸ்அப்பில் நான்கு நிமிடக் குரல்பதிவு வருகிறது: “தம்பி, ஒரு சின்ன கரெக்ஷன்தான்.” மறுநாள் அவர் மைத்துனருக்கு வேறு நிறம் பிடிக்கிறது. மூன்றாம் வாரம் மொத்தப் பொருள்களின் வரிசையே மாறுகிறது. 100 மணிநேரம் ஆனபோது மணிக்கு ரூ.300. பில்லில் அதே ரூ.30,000 இருப்பதால் இந்த வீழ்ச்சி கண்ணில் படுவதில்லை. கூடுதலாகப் போன அந்த 60 மணிநேரத்தில் வேண்டாமென்று சொல்லி அனுப்பிய வேறொரு வேலை எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை.

இங்கே ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். கறாராக இருப்பவர் வேறு, தொல்லை தருபவர் வேறு. ஒரு எழுத்து அரை மில்லிமீட்டர் விலகினாலும் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பி, சொன்ன தேதியில் பணம் போடுகிறவரை நான் விடமாட்டேன். அவரிடம் தொழில் கற்கலாம். பேசிய வேலையின் எல்லையை மாற்றிக்கொண்டே இருந்து, மாற்றியதற்குப் பணம் இல்லை என்பவரும், மரியாதை இல்லாமல் பேசுகிறவரும், பொய்க்கணக்கு எழுதச் சொல்பவரும்தான் இங்கே பேசப்படுகிறவர்கள். கந்தாலின் பாடமும் விரட்டிவிடு என்பதில்லை. சிறிய அளவில், வழக்கமில்லாத சரக்கை, அடிக்கடி கேட்பதுதான் நட்டத்துக்குக் காரணம் என்று தெரிந்த பிறகு, ஆர்டரின் முறையைப் பேசி மாற்ற முடிந்தது. ஆகவே ‘மூன்றாவது கரெக்ஷனிலிருந்து தனிக் கட்டணம்’ என்று எழுதி அனுப்பிப் பார்ப்பதுதான் முதல் வேலை. விலகுவது அதற்குப் பிறகு.

தெரிந்தும் ஏன் விடுவதில்லை? உளவியலாளர்கள் ஹால் ஆர்க்ஸும் கேத்தரின் ப்ளூமரும் 1985-இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு நாடக அரங்கின் பருவச்சீட்டு வாங்கியவர்களில் சிலரிடம் முழு விலையான 15 டாலரும் சிலரிடம் தள்ளுபடி விலையும் வாங்கினார்கள். யாருக்கு எது என்பது குலுக்கல்போல முடிவானது. முழு விலை கொடுத்தவர்கள் பருவத்தின் முதல் பாதியில் அதிக நாடகங்களுக்கு வந்தார்கள். கொடுத்த காசு திரும்பப் போவதில்லை, ஆனாலும் அது காலை இழுத்துக்கொண்டு போகிறது. இரண்டு வருடம் தொல்லை தந்த வாடிக்கையாளரை விட மனம் வராததற்கு அந்த இரண்டு வருடமே ஒரு காரணம்.

நம் ஊர்களில் அதைவிடக் கனமான காரணம் ஒன்று உண்டு. வேலை பெரும்பாலும் யாரோ சொல்லித்தான் வருகிறது. “மாமா அனுப்பினாருங்க” என்று வந்து உட்காருகிறவரை அனுப்புவது, அந்த மாமாவுக்குப் பதில் சொல்வதும்தான். அந்த மாமா வழியாக இன்னும் மூன்று பேர் வந்திருப்பார்கள். வெட்டும்போது எத்தனை நூல் அறுபடும் என்ற இந்தப் பயம் கற்பனையல்ல.

பின்லாந்தின் கிம்மோ அலாயூட்சியார்வி, கிறிஸ்டியன் மொல்லர், யானா டஹ்டினென் மூவரும் 2000-இல் எழுதிய ஆய்வுக்கட்டுரை இதைத்தான் மையமாக வைத்தது. தொழில் உறவிலிருந்து அழகாக வெளியேறுவது எப்படி என்பது அதன் கேள்வி. விலகுகிறவருக்கும், விடப்படுகிறவருக்கும், இருவரையும் சுற்றியுள்ள வலைப்பின்னலுக்கும் சேதம் குறைவாக இருக்க வேண்டும் என்பது அவர்கள் வைத்த அளவுகோல். காதலர்களும் நண்பர்களும் எப்படிப் பிரிகிறார்கள் என்று லெஸ்லி பாக்ஸ்டர் 1980-களில் செய்த வகைப்பாட்டை அவர்கள் வணிகத்துக்குக் கொண்டுவந்தார்கள். அதில் இரண்டு அச்சுகள். நேராகச் சொல்வதா, சுற்றிவளைத்தா? என் முகத்தைக் காப்பதா, அவர் முகத்தையுமா? சுற்றிவளைத்து, தன்னை மட்டும் காத்துக்கொள்ளும் வழிகளில் ஒன்று, மற்றவருக்கு உறவின் செலவை ஏற்றிக்கொண்டே போய் அவரே ஓடும்படி செய்வது.

அந்த வகை நமக்குப் புதிதல்ல. போனை எடுக்காமல் இருப்பது. “ஊர்ல இல்லீங்கண்ணா, வந்து கூப்பிடறேன்.” வேலையை இழுத்தடித்து அவராகவே சலித்துப்போக விடுவது. நாசூக்கு என்று நாம் நினைப்பதெல்லாம் ஏறக்குறைய இந்தப் பக்கத்தில்தான் கிடக்கிறது. அதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. மொழியில் பணிவு எப்படி வேலை செய்கிறது என்பதற்கு இன்றுவரை எல்லோரும் எடுத்துப் பேசும் கோட்பாடு, பெனலோபி பிரவுனும் ஸ்டீபன் லெவின்சனும் 1978-இல் வெளியிட்டு 1987-இல் நூலாக்கியது. அவர்கள் சான்று திரட்டிய மூன்று மொழிகள் ஆங்கிலம், மெக்சிகோவின் செல்தால், தமிழ். அந்தத் தமிழ், கோயம்புத்தூர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் கேட்ட தமிழ். எதிராளிக்கும் நமக்கும் இடையிலான தூரம், அவருக்கு நம்மேல் உள்ள அதிகாரம், கேட்கப்போகும் விஷயத்தின் பாரம் மூன்றும் கூடக்கூடப் பேச்சு சுற்றிவளைக்கும் என்பது அவர்கள் கண்டது. உச்சத்தில், சொல்லாமல் சொல்வது: குறிப்பாகப் பேசிவிட்டு, பிடிபட்டால் நான் அப்படிச் சொல்லவில்லை என்று நழுவ இடம் வைத்துக்கொள்வது.

கடன் கேட்கவோ உதவி கேட்கவோ போகும்போது இந்த முறை நல்லது. மறுக்கிறவருக்கு வலிக்காமல் மறுக்க இடம் கிடைக்கிறது. பிரிவுக்கு இதையே கொண்டுவந்தால் பாரம் இடம் மாறிவிடுகிறது. குறிப்பைப் புரிந்துகொள்ளும் வேலை அவருடையதாகிறது. புரியாத நாள்களில் அவர் கண்காட்சிக்கு ஸ்டால் போட்டிருப்பார், பட்டியல் வந்துவிடும் என்று அச்சகத்தில் தேதி வாங்கியிருப்பார். நழுவும் இடம் நமக்கு, நட்டம் அவருக்கு. இதில் பணிவு எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

கட்டணத்தை இரண்டு மடங்காக்கினால் தானாகப் போய்விடுவார் என்பது தொழில் நண்பர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் தந்திரம். பாக்ஸ்டர் வகைப்பாட்டின் செலவேற்றம் என்பதற்கு இதைவிடச் சுத்தமான உதாரணம் கிடைக்காது. அதில் ஒரு சங்கடம் உண்டு. சில பேர் “சரி தம்பி” என்றுவிடுவார்கள். அப்புறம் அதே ஆள், அதே நடு இரவுக் குரல்பதிவு, ஆனால் இப்போது இரட்டிப்புப் பணம் கொடுத்தவரின் உரிமையோடு. அந்த விலையில் உண்மையிலேயே சந்தோஷமாகச் செய்வோம் என்றால் மட்டும் கேட்க வேண்டிய விலை அது.

எழுதப்பட்ட முறை வேண்டுமென்றால் பழைய தொழில்களிடம் போகலாம். இந்திய பார் கவுன்சில் விதிகளின்படி வழக்கறிஞர் ஏற்ற வழக்கிலிருந்து போதிய காரணம் இல்லாமல் சாதாரணமாக விலகக் கூடாது. விலகினால் போதுமான அவகாசம் கொடுத்துச் சொல்ல வேண்டும், செய்யாத வேலைக்கான கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும். மருத்துவர்களுக்கான 2002-ஆம் ஆண்டு நெறிமுறைகள், யாருக்கு வைத்தியம் பார்ப்பது என்பதில் மருத்துவருக்குச் சுதந்திரம் தந்துவிட்டு, அவசர நிலையில் மறுக்கக் கூடாது, எடுத்துக்கொண்ட நோயாளியை அவருக்கும் குடும்பத்துக்கும் முன்னறிவிப்பு தராமல் கைவிடக் கூடாது என்கின்றன. நிறுவனத் தணிக்கையாளர் இடையில் விலகினால், 2013 நிறுவனச் சட்டப்படி 30 நாளைக்குள் காரணத்தோடு படிவம் தாக்கல் செய்ய வேண்டும். மூன்றுக்கும் அடியில் ஓடுவது ஒரே எண்ணம்தான். விலகும் உரிமை உண்டு. விலகும் நேரமும் விதமும் எதிராளியை ஆதரவற்று நிறுத்தக் கூடாது.

வழக்கறிஞர் தொழிலில் மறுக்கும் உரிமைக்கே எல்லை உண்டு. கோயம்புத்தூரில் குற்றம் சாட்டப்பட்ட காவலர்களுக்காக யாரும் ஆஜராகக் கூடாது என்று அங்குள்ள வழக்கறிஞர் சங்கம் தீர்மானம் போட்டது. அப்படிப்பட்ட தீர்மானங்கள் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2010-இல் சொன்னது. வடிவமைப்பாளருக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. பிடிக்காத வேலையை அவர் எடுக்காமலே இருக்கலாம். விலகும் சிக்கலில் பாதி, எடுத்த அன்றே வந்தது என்பதை அனுபவசாலிகள் அறிவார்கள்.

கட்டணப் பாக்கிக்காகக் கோப்புகளைப் பிடித்துவைக்கலாமா? 2000-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஆர்.டி.சக்சேனா வழக்கு இதைப் பற்றியது. ஒரு கூட்டுறவு வங்கி தன் வழக்கறிஞரை நிறுத்திவிட்டு வழக்குக் கட்டுகளைக் கேட்டது. அவர் ரூ.97,100 பாக்கி என்று பில் போட்டு, பணம் வரும்வரை தரமாட்டேன் என்றார். கட்டுகளின்மேல் வழக்கறிஞருக்கு அப்படி ஒரு பிடிமான உரிமை கிடையாது, கட்டணத்துக்குத் தனி வழி தேடிக்கொள்ள வேண்டும் என்று நீதிமன்றம் தீர்த்தது. நகைத்தொழிலாளிக்கும் தையல்காரருக்கும் நிலைமை வேறு. 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 170-ஆம் பிரிவிலேயே உதாரணம் இருக்கிறது. பட்டை தீட்டக் கொடுத்த வைரத்தைக் கூலி வரும்வரை நகைத்தொழிலாளி வைத்துக்கொள்ளலாம். தைத்ததும் கோட்டைக் கொடுத்துவிடுகிறேன், பணத்துக்கு மூன்று மாதத் தவணை தருகிறேன் என்று ஒப்புக்கொண்ட தையல்காரர் வைத்துக்கொள்ள முடியாது. எழுத்துக்கும் மென்பொருள் நிரலுக்கும் இன்னொரு கணக்கு. சொந்தமாகத் தொழில் செய்பவர் எழுதியதன் பதிப்புரிமை, எழுத்தில் மாற்றித் தரும்வரை, பொதுவாக அவருடையதே.

ஆக, சட்டம் சில இடங்களில் பிடித்துவைக்க விடுகிறது. பிடித்துவைப்பது புத்திசாலித்தனமா என்பது வேறு கேள்வி. இந்தத் தொழில்களில் நடைமுறைச் சண்டை முக்கால்வாசி சாவிகளைப் பற்றியது. இணையதளம் செய்து கொடுத்தவர் டொமைனைத் தன் பெயரில் பதிந்திருப்பார். வரி ஆலோசகர் ஜிஎஸ்டி தளத்தில் தன் கைபேசி எண்ணையே கொடுத்திருப்பார். ஒவ்வொரு ஓடிபியும் அவருக்குத்தான் வரும். ஆரம்பத்தில் வசதிக்காகச் செய்தது இது. உறவு கெட்ட அன்று அது கழுத்தில் போட்ட சுருக்கு. வியாபாரி அதிகாரியிடம் ஆவணங்களோடு போய் எண்ணை மாற்ற வழி இருக்கிறது, ஆனால் அலைய வேண்டும். நல்ல விதமாக விலக நினைக்கிறவர் கடைசி நாளுக்கு முன்பே இந்த எண்ணையும் மின்னஞ்சலையும் வாடிக்கையாளர் பெயருக்கு மாற்றி, டொமைனைக் கைமாற்றி, அச்சுக்குப் போன பிடிஎஃப்போடு ஓப்பன் ஃபைலையும் (அதற்குப் பணம் பேசியிருந்தால்) கொடுத்துவிடுவார். தேதியும் முக்கியம். மாதாமாதம் கணக்குப் போடும் வியாபாரிக்கு ஜிஎஸ்டிஆர்-1 தேதி 11, ஜிஎஸ்டிஆர்-3பி தேதி 20. பதினெட்டாம் தேதி விலகுகிற ஆலோசகர் எவ்வளவு இனிக்க இனிக்கப் பேசினாலும் அது கைவிடல்தான். இருபத்தொன்றாம் தேதி சொன்னால், அடுத்த மாதம் வரை புதியவரைத் தேட வியாபாரிக்கு நாள் இருக்கும்.

இனி, விலகலைச் சொல்லும் விதம். வயதான வியாபாரிக்கு வாட்ஸ்அப்பில் மட்டும் விலகல் கடிதம் அனுப்புவது, விலகலைவிடப் பெரிய அவமரியாதை. கடையில் கூட்டம் இல்லாத நேரம் பார்த்துப் போய், உட்கார்ந்து, சொல்லிவிட்டு வர வேண்டும். அன்று மாலையே எழுத்தில் அனுப்ப வேண்டும். எழுத்து இப்படி இருக்கலாம்:

“வணக்கம் அண்ணா. காலையில் பேசியபடி, உங்கள் நிறுவன வேலைகளை செப்டம்பர் 30 வரை செய்கிறேன். நடந்துகொண்டிருக்கும் பட்டியலை 20-ஆம் தேதிக்குள் முடித்துத் தருகிறேன். ஓப்பன் ஃபைல்களும் டொமைன் லாகினும் 25-ஆம் தேதி உங்கள் மெயிலுக்கு வந்துவிடும். புதிதாகப் பார்ப்பவருக்குச் சந்தேகம் இருந்தால் அக்டோபர் 10 வரை போனில் சொல்கிறேன். அட்வான்ஸில் மீதி ரூ.6,000-ஐ இன்று அனுப்பியிருக்கிறேன்.”

இதில் குற்றச்சாட்டு இல்லை. மன்னிப்பும் இல்லை. ‘இப்போதைக்கு’ என்ற சொல் இல்லை. அதைப் போட்டால் இரண்டு மாதம் கழித்து மறுபடி போன் வரும். காரணம் கேட்டால், நான் வேலை செய்யும் முறையும் உங்கள் தேவையும் ஒத்துவரவில்லை என்ற ஒரு வரி போதும். உடம்பு சரியில்லை, ஊர் மாறுகிறேன் என்ற பொய்கள் சிறிய ஊரில் நிற்காது. அடுத்த மாதம் நம் கைவேலை எதிர்க்கடையின் போர்டில் தொங்கும். நேரில் அவர் சமாதானம் பேசுவார், கட்டணத்தைக் கூட்டித் தருகிறேன் என்பார். அதற்கு மேல் விளக்கம் சேர்த்தால் ஒவ்வொரு விளக்கத்துக்கும் ஒரு பதில் வரும், பேச்சு பேரமாகிவிடும். அனுப்பிவைத்த மாமாவுக்கு அன்றே, மற்றவர் சொல்லி அவர் அறிவதற்கு முன், ஒரு போன்: விலகுகிறேன், இன்ன தேதிவரை செய்துகொடுக்கிறேன். யார் குணத்தையும் பற்றி அவரிடம் பேச்செடுக்கத் தேவையில்லை.

வாடிக்கையாளரை அனுப்புவதைப் பெரிய அளவில் செய்து பெயரைக் கெடுத்துக்கொண்டது அமெரிக்கத் தொலைபேசி நிறுவனம் ஸ்பிரின்ட். 2007 ஜூன் இறுதியில் சுமார் 1,000 பேருக்குக் கடிதம் போட்டது. நீங்கள் சேவை மையத்தை அளவுக்கு அதிகமாக அழைக்கிறீர்கள், உங்கள் தேவையை எங்களால் நிறைவேற்ற முடியாது, ஜூலை 30-உடன் இணைப்பு முடிகிறது என்ற பொருளில். அவர்கள் மாதம் சராசரியாக 25 முறை அழைத்தவர்கள் என்றது நிறுவனம். நிபந்தனைகளைப் பார்த்தால் தாராளம்தான்: முன்கூட்டி முறிக்கும் கட்டணம் கிடையாது, பாக்கி பில் தள்ளுபடி, ஒரு மாத அவகாசம். ஆனாலும் செய்தித்தாள்கள் பிடித்துக்கொண்டன. உதவி கேட்டு அழைத்ததையே குற்றமாக எழுதியதும், அதற்குமுன் யாரும் எச்சரிக்காததும்தான் காரணம் என்று எனக்குப் படுகிறது. பணத்தில் நியாயமாக நடந்த ஒரு பிரிவு, ஒரு பத்தியின் தொனியில் கெட்டது.

பாக்கிப் பணத்தை விலகல் கடிதத்தில் கலக்காமல் இருப்பது நல்லது. அது தனி ஆவணம், தனி நாள். உத்யம் பதிவு செய்த குறு, சிறு நிறுவனம் என்றால், சேவை தருபவருக்கும் 2006-ஆம் ஆண்டின் எம்எஸ்எம்இ சட்டம் பொருந்தும். எழுத்தில் ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள், இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் வர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதந்தோறும் கூட்டு வட்டி. 2024-25 மதிப்பீட்டு ஆண்டு முதல், அந்தக் கெடுவுக்குள் கொடுக்காத தொகையை, கொடுக்கும்வரை, வாங்கியவர் தன் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்டவும் முடியாது. மார்ச் மாதம் அவருடைய ஆடிட்டரே நம் பில்லைப் பற்றி அவருக்கு நினைவூட்டுவது இப்படித்தான். உரிமையியல் வழக்குக்குப் பொதுவாக மூன்று ஆண்டு கெடு. சிறு தொகைக்கு நீதிமன்றம் ஏறுவது அதற்குப் போகும் நேரத்தைப் பார்த்தால் கட்டாது. கந்தால் கணக்கை இங்கேயும் போட்டுப் பார்க்க வேண்டியதுதான்.

கடைசியாக, நாம் விட்ட பார்ட்டி அடுத்தவரிடம் போகும்போது அவருக்குச் சொல்ல வேண்டுமா? பட்டயக் கணக்காளர்களிடம் இதற்கு விடை இருக்கிறது. புதிய தணிக்கையாளர் பொறுப்பேற்கும் முன் பழையவருக்கு எழுத்தில் தெரிவித்தாக வேண்டும். சட்டப்படியான தணிக்கையில், தகராறு இல்லாத கட்டணம் பழையவருக்குப் பாக்கி இருந்தால், நலிந்த நிறுவனங்கள் தவிர மற்ற இடங்களில், அது தீரும்வரை புதியவர் ஏற்கக் கூடாது என்று அவர்கள் கழகம் விதி வைத்திருக்கிறது. ஒரு தொழில் முழுவதும் கைகோத்து, விலகியவரின் பில்லுக்குக் காவல் நிற்கிறது. வடிவமைப்பாளர்களுக்கும் மொழிபெயர்ப்பாளர்களுக்கும் அப்படிக் கழகம் கிடையாது. அதன் இடத்தை வாட்ஸ்அப் குழுக்கள் அரைகுறையாக நிரப்புகின்றன. யாராவது “இந்த பார்ட்டி எப்படி?” என்று கேட்பார்கள். குழுவில் யாரும் பதில் போடமாட்டார்கள். தனிச்செய்தியில் வரும்: “ரெண்டு பில் நிக்குது. அட்வான்ஸ் வாங்கிட்டு பண்ணுங்க.”